எண்பதில் பூட்டு

நாளைக்கு எஃப்.சி.
லிங்கராஜபுரம் மேம்பாலத்தின் அடியில்
மழை விட்ட நேரம் பார்த்து
வண்டியைக் கழுவுகிறோம், நானும் அன்சரும்.
சிவப்பு. இரண்டே இருக்கை. என் இடுப்புயரம்.
எண் பலகை மட்டும் மஞ்சள்,
வாடகை வண்டி என்று சர்க்கார் வைத்த பொட்டு.
அதனால்தான் வருஷா வருஷம் இந்தப் பரீட்சை.

பானட்டின் இடுக்கில்
போன முகூர்த்தத்து ரோஜா கறுத்துக் கிடக்கிறது.
இருக்கையை நகர்த்தினால்
அட்சதை, ஜிகினா, மூன்று கொண்டை ஊசி,
யாரும் கேட்டு வராத ஒற்றை மெட்டி.
மழைத்தண்ணீர் இறங்கும் துளையை
மஞ்சள் அரிசி அடைத்திருந்தது.
குச்சியால் குத்தினேன்;
ஆறு கல்யாணம் கரைந்து
என் செருப்பின் மேல் ஓடியது.

அன்சர் சைலன்சருக்குள் இரும்பு நார் திணிக்கிறார்.
"படபடன்னு வெடிக்கணும்க்கா" என்று
மேலே ஐந்நூறு தருகிற தோழன்மார்களுக்காக
நாளை மறுநாள் பிடுங்கிக்கொள்ளலாம்.
நாளைக்கு மட்டும் இது
ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுகிற மாதிரி பேச வேண்டும்.

தீயணைப்பான், கான்வென்ட் வேன் பெஞ்சமினிடம் இரவல்.
முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்கிறது;
டிஞ்சரின் தேதியைப் படித்துவிட்டு மூடிவிட்டேன்.
ஒளிரும் நாடா: முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு.
லாரிக்கு அளந்த சட்டம்,
இதன் வளைவில் நேராக உட்கார மாட்டேன் என்கிறது.
நகத்தால் குமிழிகளைத் தள்ளித் தள்ளி
மணி பதினொன்று.

கடைசியில் வேகப்பூட்டு.
ஜே.சி. ரோட்டில் வாங்கிய சின்னக் கறுப்புப் பெட்டி.
எண்பதைத் தொட்டால் பெட்ரோலைப் பிடித்து நிறுத்திவிடும்.
இருநூற்றி இருபது வரை எழுதியிருக்கிற மீட்டருக்கு
எண்பதில் பூட்டு.
ஈய முத்திரையை நசுக்கிக்கொண்டே
"வருத்தமா?" என்றார் அன்சர்.
எதற்கு?
பேண்டு செட்டுக்குப் பின்னால்,
ஆடுகிறவர்கள் ஆடி முடிக்கும் வரை முதல் கியரில்,
கிளட்ச் கருகுகிற வாசனையோடு
மண்டபம் போய்ச் சேருகிற உத்தியோகம் இதற்கு.
இந்த ஊரில் எண்பதை நான் கண்ணால் பார்த்ததில்லை.

காலையில் வரிசை.
முன்னால் தண்ணீர் லாரி, பின்னால் கோழி வண்டி.
கோழிக்காரர் குனிந்து எட்டிப் பார்த்தார்:
"இதுக்குமா எஃப்.சி.?"
"இதுவும் லோடு வண்டிதாங்க. மாப்பிள்ளை லோடு."

இன்ஸ்பெக்டர் ருத்ரமூர்த்தி
வைப்பர் என்றார், ஆடியது.
ஹாரன் என்றார், கத்தியது.
லைட் என்றார்.
பானட்டுக்குள் படுத்திருக்கும் விளக்குகள் எழுந்து வர வேண்டும்.
வலது கண் டக்கென்று திறந்தது.
இடது, இல்லை.
தண்ணீர் லாரியிலிருந்து யாரோ விசிலடித்தார்கள்.
அன்சரின் உதடுகள் மட்டும் எதையோ ஓதின.
டாஷ்போர்டில் ஒரு தட்டு தட்டினேன்,
ஞாயிற்றுக்கிழமை ஆளை எழுப்புகிற மாதிரி.
முனகிக்கொண்டு அதுவும் எழுந்தது.
இன்ஸ்பெக்டர் பேனாவை அசைத்தார்; எழுதவில்லை.

"பிரேக் நோடோணா. அந்தக் கோடு வரைக்கும் போய் நிறுத்தம்மா."

அப்போதுதான் பார்த்தேன்.
முன்னூறு அடி தார்.
ஆளில்லை, மாடில்லை, பேண்டு இல்லை,
ஒரு பள்ளம்கூட இல்லை.

முதல் கியர். இரண்டாம் கியர்.
இரும்பு நார் மொத்தமாய் வெளியே பறந்து
கோழிக்கூண்டுக் கம்பியில் மாட்டிக்கொண்டது என்று
பிறகு அன்சர் சொன்னார்.
எனக்குத் தெரியாது,
நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நாற்பது.
ஐம்பத்தைந்து.
அறுபத்தி
கோடு வந்துவிட்டது.

பெல்ட் தோளை அறுக்க
ஒரு சாண் முன்னால் நின்றது, நேராக.
கூண்டுகளில் எல்லாக் கோழிகளும் எழுந்து நின்றிருந்தன.
"ஆயித்து, ஆயித்து" என்று
காதைத் தேய்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

டின் ஃபேக்டரி நெரிசலில்
சான்றிதழ் மடியில்.
வலது கண் மூடிவிட்டது; இடது மூட மறுக்கிறது.
பெஞ்சமின் போனில் கத்துகிறான்:
தீயணைப்பான் எங்கே,
நாளைக்கு அவனுக்கு எஃப்.சி.